மூடியில் என் பெயர்

அந்த நீல மூடிச் சாப்பாட்டுப் பெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, என் பெயரைக் கொட்டை எழுத்தில் நானே எழுதியிருந்தேன். செத்தவீட்டுக்குக் கொண்டுபோன பெட்டி. மாறிப் போகக் கூடாதென்றுதான் பெயர் எழுதினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. யார் சமைத்தது என்று என் தோழிக்குத் தெரிய வேண்டும்.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய பென்டில் ஹில்லில் அவள் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் ஒன்று. ஒருநாள் காலை வேலைக்குப் போன அவள் கணவர், ரயில் மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. திடீர்ச் சாவு என்பதால் பிரேதப் பரிசோதனை முடியும்வரை உடலைத் தரவில்லை. தகனம் முடியும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஊரில் அது ஒருநாள், இரண்டுநாள் விஷயம். இங்கே ஒரு வாரம் தாண்டும் போலிருந்தது. நான் வாட்சப்பில் குழு தொடங்கி, எந்த நாள் யார் சோறு, யார் இடியப்பம் என்று பட்டியல் போட்டேன். அதில் அதிக நாள் என் பெயர்தான். அவளோ தேத்தண்ணியைத் தவிர எதையும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்போடு போனேன். வாசலிலேயே மிளகும் சீரகமும் தாளித்த வாசம். ஹோலில் இருந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. குசினியில், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத திருநெல்வேலிக்காரி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட பக்கத்தில செத்தவீட்டில அடுப்பு மூட்டுவினமோ?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்லயும் மூட்ட மாட்டோம்க்கா. தெரிஞ்சுதான் மூட்டினேன். ஆறிப்போன சோறு அவங்களுக்கு எப்படி இறங்கும்?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வசமாக மாட்டினாள், இனி இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டாள் என்று நினைத்தேன். அப்போது தோழி அறையிலிருந்து எழுந்து வந்து குசினிக் கதிரையில் அமர்ந்தாள். ரசத்தில் கரைத்த சோற்றை அந்தப் புதியவளின் கையால் வாங்கி, ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். பிறகுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அதுவும் திருநெல்வேலிக்காரியின் தோளில். முப்பது வருடச் சிநேகிதி நான், கையில் குழம்போடு பக்கத்தில் நின்றேன். வயிறு பற்றி எரிந்தது. செத்தவீட்டில் நின்று இன்னொருத்தியின் ரசத்துக்குப் பொறாமைப்பட்ட பிறவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தகனத்துக்கு நின்றேன், முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சமைத்தேன். அவளோடு பழையபடி கதைக்கத்தான் முடியவில்லை. அவளும் திருநெல்வேலிக்காரியும் சேர்ந்து நடக்கப் போவதைக் கண்டால் காரை வேறு தெருவால் விடுவேன். பெட்டியைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

என்னோடு இருந்த தம்பி சென்ற மாதம் நித்திரையிலேயே போய்விட்டான். அவன் உடலும் உடனே கிடைக்கவில்லை. வேறு யாரோ பட்டியல் போட்டார்கள், பெட்டி பெட்டியாகச் சாப்பாடு வந்தது. நல்ல சமையல்தான், சமைத்தவர்கள் என்மேல் அன்பானவர்கள்தான். ஒரு வாய் இறங்கவில்லை. தோழி என் குழம்பை வேண்டாமென்று ஒதுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். கையில் அந்த நீல மூடிப் பெட்டி. டேப்பில் என் பெயர் பாதி அழிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவியோடு மிளகு வாசம் வந்தது. யார் வைத்த ரசம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த நிலையிலும் என் வயிறு ஒரு தரம் எரிந்தது.

"அவா வெளியில காருக்குள்ள இருக்கிறா. உனக்குத் தன்னில கோவமாம், உள்ள வரமாட்டாவாம்," என்றாள்.

நான் பெட்டியை வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"வரச்சொல்லு," என்றேன். "குசினியில அடுப்பு சும்மாதான் கிடக்கு."