முதல் பொறுக்கு

ஜான்சியின் பேச்சில் 'ஒருவேளை' என்ற சொல் வருவதே இல்லை. மழை வரும் என்றால் வரும். வராது என்றால் வராது. அவள் சொல்லை மீறி வந்துவிட்டால், தப்பு மழையின் மேல்தான். மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் ஒருத்திக்கு இத்தனை நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நிச்சயம் அறிவிலிருந்து பிறக்கிறது என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். ஜான்சியைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், அது குரலிலிருந்து பிறப்பதாகத்தான் தோன்றும்.

அந்தக் குரல் முழுதாக வெளிப்படும் இடம் கால்பந்து மைதானம். உப்பு அம்பாரங்களுக்குக் கிழக்கே, புல் முளைக்காத கெட்டித் தரை. கல்யாணமான புதிதில் ஒருநாள் விறகுக் கட்டோடு அந்த வழியாக வந்தவள், பந்தை வைத்துக்கொண்டு தயங்கி நின்ற ஒருவனைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள்: "டேய், பொண்ணு பாக்கவா வந்த? ஓடுடா!" அவன் பயந்துபோய் ஓடினான். கோல் விழுந்தது. அதற்கப்புறம் ஜான்சி ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் முனகிய ஆண்களே, அவள் வரத் தாமதமானால் "இன்னும் அக்காவக் காணோமே" என்று பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் கணவன் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. மாலை நேரத்தில் அவனுக்கு உருண்டையாக எதுவும் தேவையில்லை, தலையணை போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்பவரின் தீர்ப்புக்கு விலை கிடையாது. இப்படி ஆடியிருக்க வேண்டும், அவனை இறக்கியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். சரியாகிவிட்டால் பெருமை. தப்பாகிவிட்டால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஜான்சியின் நிச்சயம் பல வருடம் இந்த நிழலில்தான் வளர்ந்தது. சென்ற மழைக்காலத்தில் அதற்கு வெயில் பட்டது.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கடலோர ஊர்களுக்கு ஒரு லீக் உண்டு. ஒவ்வோர் அணியும் தன் ஊர்ப் பையன்களோடு வெளியூர் ஆட்டக்காரன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லா அணிகளும் ஒரே நாளில் கூடி, ஆளுக்கொரு பெயரை மைக்கில் சொல்லி எடுக்க வேண்டும். போன வருடம் கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கும். கப்பு வாங்கிய அணி கடைசியில் எடுக்கும். நோட்டீஸில் இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர் போட்டிருப்பார்கள். கரையில் எல்லோரும் சொல்வது 'பொறுக்கு'. ஜான்சியின் அணியான பாத்தி பாய்ஸ் போன வருடம் கடைசி. எதிரணிக்காரர்கள் "பாத்தியில பாய் போட்டுப் படுத்துட்டாங்க" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். ஆகவே இந்த வருடம் முதல் பொறுக்கு அவர்களுக்கு.

பாத்திகளெல்லாம் மழைத்தண்ணீரில் முழுகி, வேலை நின்றிருந்த நாள். கண்ணாயிரத்தின் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"இந்த வருஷம் கப்பு நம்மளுதுதான்," என்றாள் ஜான்சி.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன, அண்ணி." அந்தோணிராஜ் அவள் கணவனின் தம்பி, உப்பு லாரி ஓட்டுபவன். "கடைசியில வந்தோம்."

"கடைசியில வந்ததாலதானடா முதல் பொறுக்கு கெடச்சுது?"

"ஓ! அப்ப தோத்ததே உன் பிளான்தானா?"

கண்ணாயிரம் சிரித்ததில் டீ கிளாசுக்கு வெளியே போனது.

அணியின் மேனேஜர் அசோகன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். "யாரக் கேட்டாலும் சாவடி மோகன எடுன்னுதான் சொல்றாங்க," என்றான். "இடது கால்ல அடிச்சான்னா வலை கிழிஞ்சிடுதாம்."

"நானும் அதத்தான் சொல்றேன்," என்றாள் ஜான்சி. "அவன் வந்துட்டா நம்மள எவன் புடிக்க முடியும்?"

"கோல் போட நம்ம தமிழ்வேந்தன் போதும்," என்றான் அந்தோணிராஜ். "வர்ற கோலத் தடுக்கத்தான் ஆளில்ல. போன வருஷம் நம்ம கீப்பர் நின்ன எடத்துல ஒரு தென்னமரம் நட்டிருந்தாக்கூட, ரெண்டு பந்து பட்டுத் திரும்பியிருக்கும்."

"முதல் பொறுக்குல போய் எவனாவது கீப்பர எடுப்பானா? ஊரே சிரிக்கும்டா."

அசோகன் தொண்டையைச் செருமினான். "அக்கா, இந்தத் தடவ மைக்ல நீயே சொல்லிடேன். போன வருஷம் நான் பொறுக்கினவன் ரெண்டாவது மேட்ச்சு முடிஞ்சதும் துபாய்க்கு ஃப்ளைட் ஏறிட்டான். ரீசார்ஜ் பண்ண வர்றவன்லாம் இன்னும் அவன்தான் எங்கன்னு கேக்குறான்."

"நல்ல ஐடியா," என்றான் அந்தோணிராஜ். "இனிமே எங்க அண்ணிதான் டீமோட பொறுக்கி."

கடையே சிரித்தது. ஜான்சியும் சிரித்தாள். "ஆமாண்டா, பொறுக்கிதான். கப்போட வரும்போதும் இதே வாயால கூப்பிடு."

"சரி, தப்பாப் பொறுக்கிட்டா?"

"தப்பாப் பொறுக்கினா அதுக்கப்பறம் மேட்ச்சுல நான் வாயே தொறக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மைதானத்தில் கத்துவதற்கான உரிமையை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, அவளே கத்திக் கத்திச் சம்பாதித்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பொறுக்கு கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஜான்சி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அசோகனோடு பஸ்ஸில் போனாள். மண்டபத்தில் பெண் அவள் ஒருத்திதான். கூப்பிட்டதும் எழுந்து போய், மைக்கை அது தன் வீட்டுக் கரண்டி என்பதுபோல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சாவடி மோகன்."

மேடையிலிருந்த உள்ளூர்க்காரர் உடனே அறிவித்தார்: "சின்ன முதலியார்சாவடி மோகன், கோல் கீப்பர், பாத்தி பாய்ஸ்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். மரக்காணத்திலிருந்து வருபவர்களுக்கு முதலில் வருவது பெரியது, அவர்களுக்கு அதுதான் சாவடி. கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்புபவர்களுக்கு முதலில் வருவது சின்னது, அவர்களுக்கு அதுதான் சாவடி. இரண்டு ஊரிலும் பந்தாடும் ஒரு மோகன் இருப்பான் என்று யார் கண்டது? உலகத்துச் சண்டைகளில் பாதிக்குக் காரணம், ஒரே சொல்லுக்கு இரண்டு திசையிலிருந்து வந்து சேர்வதுதான். அதை அப்போது ஜான்சியிடம் சொல்லிப் பயனில்லை.

அசோகன் பாய்ந்து எழுந்தான். "அண்ணே, நாங்க சொன்னது பெரிய சாவடிங்க!"

"எங்க ஊருல சாவடின்னா இதாம்பா. அதப் பெரிய முதலியார்னுதான் சொல்லுவோம். மைக்ல சொன்னது சொன்னதுதான்."

அடுத்து வந்த கோட்டக்குப்பம் அணி, நாற்காலி சூடாவதற்குள் பெரிய மோகனை எடுத்துக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் அசோகனின் செல்போன் ஓயாமல் முனகியது. பாத்தி பாய்ஸ் முதல் பொறுக்கில் கீப்பரை எடுத்த செய்தி வாட்ஸ்அப்பில் மரக்காணம் வரை போய்விட்டது. திட்டுபவர்கள் பாதி. 'ஏதோ பெரிய பிளான்' என்று வியப்பவர்கள் பாதி.

"அக்கா," என்றான் அசோகன் மெதுவாக. "வேணும்னுதான் எடுத்தோம்னு சொல்லிட்டா என்ன? அந்தோணிகூட கீப்பர் வேணும்னுதான சொன்னான்?"

ஜான்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீக்கடையில் அந்தோணிராஜ் கையை விரித்துக்கொண்டு வந்தான். "அண்ணி! கடைசியில என் பேச்சக் கேட்டுட்டியே!"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அவள் குரல் தப்பியிருக்கும்.

"உன் பேச்ச எவ கேட்டா? வாய் தவறிப்போச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒரு சாவடிதான்."

இதை நேர்மை என்று தூக்கிப் பேச வேண்டியதில்லை. பொய் சொன்னால் கொழுந்தன் சொன்னது சரி என்று ஆகிவிடும், அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனாலும் அவள் சொன்னாள். கேலி செய்யத் தயாராக இருந்த அந்தோணிராஜ் விரித்த கையை இறக்கினான்.

"அப்ப நீ சொன்ன அந்த வாய் மேட்டரு?"

"சொன்னது சொன்னதுதான்."

முதல் ஆட்டம், பாத்திகளில் உப்பு விளைந்து அம்பாரம் ஏறிய பிறகு, சொந்த மைதானத்தில் நடந்தது. எதிரணி கோட்டக்குப்பம். ஜான்சி வழக்கமான இடத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். முதல் பாதியில் தமிழ்வேந்தன் ஒரு கோல் போட்டான். ஊரே குதித்தது. அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சின்ன மோகன், வயது முப்பதைத் தாண்டிய, வழுக்கை விழ ஆரம்பித்த மனிதன், வந்த பந்துகளையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் பிடித்துப் போட்டான்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது சின்ன மோகன் கிழக்கு கோலில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். எதிரே இறங்கும் சூரியன். அதற்குக் கீழே வரிசையாக உப்பு அம்பாரங்கள். பெரிய மோகன் அடித்த பந்து உள்ளே போன பிறகுதான் கீப்பர் கையைத் தூக்கினான்.

"ஒண்ணுமே தெரியலங்க!" என்று கத்தினான். "எல்லாம் வெள்ளையா இருக்குது! பின்னாடி நின்னு யாராவது சொல்லுங்களேன்!"

அந்தோணிராஜ் ஓடிப்போய் வலைக்குப் பின்னால் நின்றான். அவனே லாரியில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உட்காராதவன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "வலது, வலது!" என்று அலறினான். கீப்பர் வலப்பக்கம் விழுந்தான். பந்து இடது கம்பத்தில் அடித்துத் திரும்பியது.

அந்தோணிராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "அண்ணி, வந்து வாயத் தொறயேன்!"

"தப்பாப் பொறுக்கினா தொறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"தப்பாப் பொறுக்கினன்னு எவன் சொன்னான்? நான்தான் கீப்பர் வேணும்னு அப்பவே சொன்னேனே! வந்து கத்து, தாயே!"

வருடக்கணக்கில் அந்த வெள்ளையைப் பார்த்து இடுங்கிப் பழகிய கண்கள் ஜான்சிக்கு. வலைக்குப் பின்னால் போய் நின்றாள். தொண்டை திறந்தது.

"மோகன் வர்றான்! மோகனு, இடது பக்கம்!"

"நானா, அவனா?" என்றான் கீப்பர் பதறி.

"அவன்டா! இனிமே நீ சின்னது, அவன் பெருசு! பெருசு வர்றான்... சின்னது, உன் இடது, கீழ!"

சின்னது இடப்பக்கம் சரிந்தது. பந்து உள்ளங்கையில் அறைந்து வெளியே போனது. அம்பாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. அது வெற்றி இல்லை. மைதானத்தை விட்டு வெளியேறியவர்களைப் பார்த்தால் யாரும் அதை டிரா என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஒரு டிராவுக்கே இந்த ஆட்டமா?" என்றான் அந்தோணிராஜ், சிரிப்பை அடக்க முடியாமல். "அடுத்த வருஷமும் நீயே பொறுக்கு, அண்ணி. ஆனா ரெண்டு சாவடியையும் சுத்திப் பாத்துட்டு வா."

ஜான்சி கோட்டோரம் இறக்கி வைத்திருந்த விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். குரல் கம்மியிருந்தது, நிச்சயம் குறையவில்லை.

"அடுத்த வருஷம் நமக்குக் கடைசிப் பொறுக்குடா. கப்பு வாங்குறவனுக்கு அதான. இப்பவே பழகிக்க."