ஏத்தியாச்சு என்றால் எதில்?

1. கொடி

சுகந்தி எங்கள் கந்தோருக்குள் வந்த அன்று எல்லா டெலிபோனும் அடித்துக்கொண்டிருந்தன. புவேர்ட்டோ ரிக்கோவைப் புயல் அடித்துப் போட்டிருந்தது. நான் கனடாவில், ஸ்காபரோவில் சரக்கு அனுப்பும் கொம்பனி ஒன்றில் ஒப்பரேஷன்ஸ் பார்த்த காலம். சுகந்தி பிக்கரிங்கில் இருக்கிற நேர்ஸ். கணவர் அந்தத் தீவுக்காரர். மாமியார் அங்கே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். கிளினிக்கில் கரண்ட் இல்லை, பழைய ஜெனரேட்டரும் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓட, ஆளுக்குப் பாதி நேரம்தான் மெஷின் கிடைத்தது. சுகந்தியும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கிவிட்டார்கள். அனுப்பவேண்டியது நான்.

"நியூ ஜேர்சியிலை கப்பல் நிக்குதாம் அண்ணை. இடமும் இருக்காம். ஏன் ஏத்தேலாது?"

"அது வெளிநாட்டுக் கொடிக் கப்பல், பிள்ளை. புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின்ரை. அவங்கடை துறைமுகத்திலை ஏத்தி அவங்கடை துறைமுகத்திலை இறக்கிறதெண்டால் அமெரிக்கக் கொடிக் கப்பல்தான் வேணுமெண்டு சட்டம். அதுகள் நிரம்பிப் போச்சு."

"சனம் சாகேக்கையுமோ?"

எனக்கும் அந்தச் சட்டத்தின் மேல் ஆத்திரம் வந்தது. அதனால் அமெரிக்க மாலுமிகளுக்கும் கப்பல் கட்டுகிறவர்களுக்கும் வேலை கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்குச் சங்கமும் வாக்கும் உண்டு. தீவில் இருக்கிற சனத்துக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கே இல்லை. யாருடைய பேச்சு எடுபடும் என்பது தெரிந்ததுதானே.

எங்கள் கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் ஏற்றினால் அந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் அங்கிருந்து போகிற கப்பல் வேறு தீவுகளைச் சுற்றி, ஒரு கிழமை பிந்தித்தான் போய்ச் சேரும்.

2. வேவர்

அடுத்த நாள் வாஷிங்டன் இறங்கி வந்து வேவர் கொடுத்தது. சில நாட்களுக்கு எந்தக் கொடிக் கப்பலும் ஏற்றலாம் என்ற விலக்கு அது. அந்த நாட்களுக்குள் சரக்கு கப்பலில் ஏறியிருக்கவேண்டும். நியூ ஜேர்சிக்கு ட்ரக் ஒழுங்கு செய்தோம்.

மறுநாள் ட்ரக் கொம்பனிச் சிவா கூப்பிட்டான். "ஏத்தியாச்சு அண்ணை!"

பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளி சுகந்திக்குச் சொல்லப் போனைத் தூக்கிவிட்டார். நான் கையால் மறித்தேன்.

"எதிலை ஏத்தினது, சிவா?"

"என்ன கேள்வி அண்ணை? ட்ரக்கிலைதான். இன்னும் அமெரிக்க போடர் தாண்டேல்லை."

ட்ரக்குக்கும் கப்பலுக்கும் எங்கள் வாயில் ஒரே சொல்தான். சட்டத்துக்குக் கப்பல் மட்டும்தான் கணக்கு. நியூ ஜேர்சித் துறைமுகத்துக்குப் போன் அடித்துக் கேட்டேன். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, வேவர் முடிகிற நாளில்தான் உள்ளே வரலாம், அதுவும் நிச்சயம் இல்லை என்றார்கள்.

"வேவரை நீட்டுவாங்கள், ஐசே. முழு உலகமும் பாத்துக்கொண்டிருக்குது," என்றார் முதலாளி.

"நீட்டாட்டி? ஜெனரேட்டர் அங்கை மாட்டுப்பட்டுப் போகும். ஹலிஃபக்ஸுக்குத் திருப்புவம்."

"பிந்தி அந்த மனுசிக்கு ஒண்டு நடந்தால் நீர் பதில் சொல்லுவீரோ?"

சுகந்தியையே போனில் கூப்பிட்டு இரண்டு வழியையும் சொன்னேன். அழுகிற சத்தம் கேட்டது.

"எது கட்டாயம் போகும், அண்ணை?"

"ஹலிஃபக்ஸ்."

"அப்ப திருப்புங்கோ."

போடரில் நின்ற ட்ரக்கைத் திருப்பினோம்.

3. கதிரை

வேவரை நீட்டவில்லை. தங்களிடம் வேண்டிய அளவு கப்பல் இருக்கிறது என்று அமெரிக்கக் கப்பல் முதலாளிமார் வாஷிங்டனில் அடித்துச் சொன்னார்களாம். நியூ ஜேர்சிக் கப்பல் நாள் முடிந்த பிறகே உள்ளே வந்து, இடம் காலியாகவே போனது. எங்கள் முதலாளி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

ஜெனரேட்டர் போய்ச் சேர்ந்ததும் சுகந்தி போன் எடுத்தார். "ஓடுது அண்ணை! மாமி இண்டைக்கு முழு நேரமும் மெஷினிலை இருந்தவ."

நான் கந்தோர் முழுக்கக் கேட்கச் சிரித்தேன்.

"மாமிக்குப் பக்கத்துக் மெஷின் கதிரையிலை இருந்த மனுசி ஒராள். அவ மெஷின் நேரம் காணாமல் போன கிழமை செத்துப்போனா, அண்ணை."

அன்று எடுத்த முடிவு சரிதான், இன்றும் அதையேதான் எடுப்பேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். ஒரு கிழமை பிந்தும் என்று சொல்ல முன்னர், அங்கே யார் யார் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் சுகந்தியின் மாமியாரைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.