நெருக்கி நட்ட மரங்கள்

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால். கோழிப்பண்ணைக் கொட்டகையில் அவள் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டிராக்டர் முதலாளி உள்ளே வந்தார். எப்போதும் வாசலில் நின்று ஹாரன் அடித்தே ஆளைக் கூப்பிடுகிற மனிதர், அன்று வண்டியை விட்டு இறங்கிக் கொட்டகையின் கடைசிவரை நடந்து வந்தார். அப்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"உழுதுட்டுத்தாம்மா இருந்தாரு. வரப்போரமா நிறுத்தி, எஞ்சினையும் அணைச்சிருக்காரு. தூங்குறாருன்னு நெனச்சோம்."

கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

ஊரில் அவள் கணவனுக்கு ஆபீசர் என்று பெயர். முப்பது வருடம் அடுத்தவர் நிலத்தை அடுத்தவர் டிராக்டரில் உழுதவனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவன் வாய்தான். ஐம்பத்தைந்து ஆனதும் டிராக்டரை விட்டு இறங்கிவிடுவேன், அப்புறம் எனக்கும் பென்ஷன்தான் என்று கடைத்தெருவில் ஒருநாள் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து, ஆபீசரின் பிரிவுபசார விழாவுக்கு யார் தலைமை என்று வாரம் ஒருத்தராவது அவனை வம்புக்கு இழுக்காமல் இருந்ததில்லை.

பென்ஷன் என்று அவன் சொன்னது வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கரில் நின்ற தேக்கு மரங்களை. மகள் நடக்கத் தொடங்கிய வருடம் நட்டவை. கன்று கொடுத்தவர், இப்போது நெருக்கி நடலாம், ஏழாம் வருடம் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஏழாம் வருடம் அரிவாளோடு போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பென்ஷனில் பாதியை யாராவது தானே வெட்டிப்போடுவார்களா என்று கேட்டான். அவளும் தலையாட்டினாள். கோடையெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள்; அவளுக்கு மட்டும் மனசு வந்துவிடுமா?

மரங்கள் வெயிலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு உயர்ந்தன. பருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் காடு. கட்டிப்பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். அவன் அண்ணாந்துதான் பார்த்தான்.

ஐம்பத்தைந்து முடிந்த வாரமே மரவியாபாரியை வரவழைத்தான். முதுகெலும்பு தேய்ந்துபோயிருந்தது. சீட்டில் ஏறுவதற்கு முன் பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிற நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. வியாபாரி நாலைந்து மரங்களைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது கட்டடத்துக்குச் சாரம் கட்டுற சாரக்கம்புக்குத்தான் ஆகும்."

"இருவது வருஷ மரம்யா."

"வயசாயிருக்கு. வைரம் பாயலையே. இப்பவாவது பாதியக் கழிச்சு விடுங்க, மிச்சம் இன்னும் பத்து வருஷத்துல தேறும்."

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், "அறுவத்தஞ்சுன்னு வச்சுக்குவோம்" என்றான். அவள் சிரித்துவைத்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வது அப்போது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அந்த வருட உழவு முடிவதற்குள் ஆளே போய்விட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் தன்னோடு வரச்சொன்னாள். மகளும் மருமகனும் இருப்பதே ஒற்றை அறையில். இவள் போகவில்லை, அடுத்த வாரமே முட்டை பொறுக்கக் கிளம்பிவிட்டாள். மொத்தத்தையும் சாரக்கம்புக்கே எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொல்லியனுப்பினார். விற்றுத் தொலை, இன்னும் பத்து வருஷம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்றாள் மகள்.

"உங்கப்பா கடைசிவரைக்கும் எறங்கவே இல்லடி. நானாவது எறங்கணும்ல."

பாதியை மட்டும் வெட்டிக்கொள்ளும்படி வியாபாரிக்குப் பதில் சொன்னாள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று பார்க்கப் பின்பக்கம் போனபோதுதான் தெரிந்தது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் அந்த வேலையைத் தொடங்கியிருந்தான். வெட்டவேண்டிய மரங்களில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி. மூன்று வரிசை முடிந்திருந்தது. நாலாவது வரிசையின் இரண்டாம் மரத்தில் சாய்வாக ஒரே ஒரு கோடு இருக்கிறது. அதன் குறுக்கே வரவேண்டிய கோடு போடப்படவில்லை.