மீதிக் காசு

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருவன்தான் வாத்தியார். காசுக் கணக்குச் சொல்லித்தர, மேசையில் வெறும் தீப்பெட்டிகளை அடுக்கிக் கடை வைத்தேன். சில்லறை என்னுடையது.

பிள்ளைகள் இருபத்தைந்து சதக் காசைக் கொடுத்து, பத்துச் சதச் சாமானை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். மீதிக்கு ஒன்றுகூட நிற்காது. கழிக்கத் தெரியாத மக்குகள் என்று எரிந்து விழுந்தேன். ஒரு சிறுமிதான் சொன்னாள்:

"கடையில மீதி தரமாட்டாங்க சார். அம்மாவோட கடன்ல கழிச்சுக்குவாங்க."

அதன்பிறகு திட்டவில்லை. "இங்க வா, மீதிய வாங்கிட்டுப் போ" என்று வாசல்வரை போன பிள்ளையைக் கூப்பிடுவேன். அது ஓடி வந்து கையை நீட்டும். சாயங்காலம் எல்லோரும் தொழிலாளர் லயங்களுக்குப் போய்விட்டால், பள்ளிக்கூடத்தை ஒட்டிய என் அறையில் மழைச் சத்தம்தான் துணை. நான் கூப்பிட்டு யாராவது திரும்பி வருவது அந்த ஒரு பாடத்தில் மட்டும்தான். அதற்காகவே தினமும் கடை திறந்தேன்.

மாதம் முடிவதற்குள் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மேசையருகே நின்று, பதினைந்து சதத்தையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். கூப்பிட்டு நிறுத்த என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.