பேர் வைக்காமல் கொல்லாதே

தைப்பிங்கில் இருக்கும் என் அலுவலகத்துக்குக் குணா போன் செய்தான். மரியதாஸ் போய்விட்டான் என்றான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டை வளைவு. காலை வேலைக்குப் போகும் வழி. வெளியே மழைச் சத்தம். மறுபடி சொல்லச் சொன்னேன்.

மறுநாள் பத்திரிகையில் மூன்று வரி. லோரி மோதித் தொழிலாளி பலி. சாலையின் பெயர் இருந்தது. லோரியில் பலகை ஏற்றியிருந்தது என்பதும் இருந்தது. அவன் பெயர் இல்லை.

அவனை அறிந்தவர்களே, அந்த மூன்று வரியை நீங்களும் படித்திருப்பீர்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஈப்போவில் குணாவின் மாமாவுக்கு ஒரு முடிதிருத்தும் கடை. அதன் மாடியில் ஞாயிறு பகலில் நால்வர் கூடுவோம். மரியதாஸும் அவன் அக்கா ரோசலினும் பூசை முடிந்து நேராக வருவார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நான் கொண்டுவந்த ஆட்டம் அது. பழைய காலத்துக் கோட்டை, குதிரை, வாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். சண்டை வந்தால் எண் முடிவு செய்யும். இருபது முகப் பகடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மரியதாஸ் சுங்காயில் அவன் பிறந்த தோட்டத்துக்குப் போய் இருபது ரப்பர் கொட்டைகள் பொறுக்கி வந்தான். எண் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டான். பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுப்பதுதான் எங்கள் வீச்சு. எல்லாம் ஒரே மரத்துக் கொட்டைகள். வேறு வேறு மரமென்றால் தோட்டத்தில் வளர்ந்த விரல் தொட்டே கண்டுபிடித்துவிடுமாம். அதாவது, அவன் விரல்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில், நகலெடுத்த தாள்கள். கவசம் போட்ட குதிரைவீரனுக்கு உயிர்ப்புள்ளி முப்பது. கோட்டைக்குத் தண்ணீர் சுமப்பவனுக்கு ஒன்று. ஓர் அடி, ஒரு சாவு. நான் கதை நடத்திய ஒரு ஞாயிறு, குதிரைவீரன் கோட்டை வாசலில் ஆறு பேரை வெட்டினான். நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

"இப்ப செத்தானே, அவன் பேரு என்னா?" என்றான் மரியதாஸ்.

தண்ணீர் சுமப்பவர்கள், பேர் கிடையாது என்றேன்.

"பேரு வெக்காம கொல்லாத மச்சான்."

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தான். சண்டை விதிகள், தமிழில், நீல மையில். முதல் விதி: ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பெரட்டு. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அது. குதிரைவீரனானாலும் கூப்பிடும்போது குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காதவனுக்கு அந்தச் சுற்றில் வீச்சு இல்லை. இரண்டாவது: பேர் உள்ளவன் ஒரே அடியில் சாகமாட்டான். பேர் இல்லாதவனை அடித்தால் அந்த அடி செல்லாது. மூன்றாவது: விழுந்தவனுக்கும் ஒரு வீச்சு உண்டு.

அதற்குப்பின் எங்கள் சண்டைகள் முடியவே இல்லை. ஐம்பது பேர் கொண்ட படைக்குப் பெயர் வைப்பதற்குள் கடையில் மூன்று தலை முடிந்துவிடும். "என்னா மச்சான், இந்தக் கோட்டையில பொணமே விழாது போலிருக்குலா" என்பான் குணா. ரோசலின் தன் பங்குச் சாமியார்களின் பெயரையெல்லாம் காவலாட்களுக்கு வைத்தாள்.

ஒருநாள் சடையன் என்ற தண்ணீர்க்காரன் விழுந்தான். மரியதாஸ் அவனுடைய வீச்சைக் கேட்டு வாங்கி டின்னுக்குள் கைவிட்டான். இருபது. சடையன் கிடந்தபடியே சேணத்தின் வாரை அறுத்தான். குதிரைவீரன் கவசத்தோடு மண்ணில். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வரலாறு பேசினேன், ஈட்டியின் வேகம் பேசினேன். கடைசியில், இது விளையாட்டு, உங்கள் தோட்டமில்லை என்றேன்.

அவன் கொட்டையை டின்னில் போட்டு மூடினான். "எங்கப்பாவ முப்பது வருசம் பெரட்டுல பேரு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. செத்த அன்னிக்கு மட்டும், ஒரு ஆளு கொறைவுன்னாங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு ஞாயிறு போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனபோது அவன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். நீ சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. அதன்பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். மூன்று வரிச் செய்திக்குத் திருத்தம் போடுவதில்லையாம்.

ஞாயிறு மாடியில் மூவர். ரோசலின் கொப்பியைத் திறந்து பெரட்டு எடுத்தாள். குணா குரல் கொடுத்தான். நான் கொடுத்தேன். பிறகு அவள், "மரியதாஸ்" என்றாள். கீழே கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

"விழுந்தவனுக்கு வீச்சு இருக்குக்கா," என்றான் குணா.

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க தம்பி வீச்ச நீ வீசு. நீதான எழுதுறவன்."

கொப்பி ரோசலினிடம் இருக்கிறது. டின் குணாவிடம். இருபது என்று எழுதிய கொட்டையை எனக்குத் தந்தார்கள். அதோடு, நான் எதிர்த்த மூன்று விதிகளும் இப்போது என்னுடையவை. சடையனின் வீச்சு செல்லும். தாமதமாகச் சொல்கிறேன், செல்லும்.

அந்தச் செய்திக்கு என் திருத்தம் இது. மரியதாஸ் சவரிமுத்து. சுங்காய்த் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய சவரிமுத்துவின் மகன். ரோசலினின் தம்பி. லோரியில் பலகை இருந்தது. மோட்டார் சைக்கிளில் மரியதாஸ் இருந்தான்.