பிள்ளை மாற்றிக்கொண்ட வீடுகள்

இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பியபோது, மூன்றாம் மாடிப் பெண்மணியும் அவருடைய யு.கே.ஜி. மகனும் லிஃப்டில் என்னோடு இறங்கினார்கள். குழந்தையின் தலையில் தேங்காயெண்ணெய் மணம், கழுத்தில் பவுடர். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு" என்று மகனிடம் முணுமுணுத்தார். ஒரே முகத்தில் இரண்டு வேலைகள். தரைத்தளம் வருவதற்குள் நான் அம்பத்தூருக்குப் போய்விட்டேன்.

அங்கே நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் யாரும் மெதுவாகத் திட்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் ஐந்து குடித்தனங்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அம்மா துணிக் கம்பெனியில் தையல் வேலை முடித்து, இருட்டும் நேரத்தில் தோள் வலியோடு திரும்புவாள். அந்த அசதியின் மேல் நான் ஏதேனும் செய்து வைத்திருப்பேன். பேசாத குழந்தை என்று பெயரெடுத்திருந்தேன்; பேசாத குழந்தைகளுக்குக் கை சும்மா இருக்காது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருமுறை, அரைத்து வைத்த இட்லி மாவில் என் பொம்மையைக் குளிப்பாட்டினேன்.

அம்மாவின் குரல் கூரையைத் தொட்டது. மறுகணம் பக்கத்து வீட்டுத் தனம் பெரியம்மா வாசலில் நின்றார். உறவில்லை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னா லதா, கொயந்தய இந்தக் கத்து கத்துற? அத்த இப்டி அனுப்பு. எங்கூட்ல ஒரு வாலு கீது, அத்த நீ வச்சிக்கோ."

"கூட்டிட்டுப் போங்கக்கா. இல்லன்னா இன்னிக்கு அடிச்சே போட்ருவேன்."

வாலு என்பது அவர் மகள் மஞ்சு. நான் அங்கே போக, அவள் இங்கே வந்தாள். கோபம் தணியும்வரை இப்படிப் பிள்ளைகளை மாற்றிக்கொள்வது அந்த வரிசையின் வழக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளை மேல் யாருக்குக் கை ஓங்க வரும்? தன் வீட்டில் பிசாசாகத் திரிந்த மஞ்சு, எங்கள் வீட்டில் சமர்த்தாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அம்மாவின் தோசைக்காகவே அவள் வாரம் ஒரு குற்றம் செய்தாள் என்பது என் சந்தேகம். நானோ, கருவாடு மணக்கும் அந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசினேன். "ஊமைன்னு சொன்னாங்கோ, இது ரேடியோ பொட்டியால்ல கீது!" என்பார் பெரியம்மா.

எனக்குப் பத்து வயதானபோது முகப்பேரில் ஒரு ஃபிளாட்டுக்கு மாறினோம். வந்த மாதமே, குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, சத்தம் சற்று அதிகம் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிப்போனார். அம்மா கூசிப்போனாள். சன்னலைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் திட்டக் கற்றுக்கொண்டாள். அதுவரை அவளுடைய உரத்த குரலில் பாதி எனக்கும், பாதி பக்கத்து வீட்டுக்குமாக இருந்தது. இந்தத் தாழ்ந்த குரல் முழுவதும் எனக்கே. முதன்முதலாக அம்மாவுக்குப் பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான், கணக்கில் தோற்ற ரேங்க் கார்டில் அவள் கையெழுத்தை நானே போட்டேன். அவளுடையதைவிட அழகாக வந்துவிட்டது, அதனாலேயே மாட்டிக்கொண்டேன்.

அன்று அம்மா திட்டவில்லை. கை மட்டும் உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நிற்க, அவள் கண்கள் யாரோ வருவார்களா என்பதுபோலச் சாத்திய கதவின் பக்கம் போயின. பிறகு, செருப்புக்கூடப் போடாமல் வெளியேறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். நாற்காலியில் ஏறிக் கதவுத் துளை வழியே பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏறிவந்த ஒருவர் கேட்டார்:

"என்ன மேடம், சாவிய உள்ளயே வச்சிட்டீங்களா?"

"இல்ல சார், சும்மா காத்துக்கு."

அந்தப் படிக்கட்டில் காற்றே வராது.

என்னை அனுப்ப ஒரு வீடு இல்லாததால் அவள் தன்னையே அனுப்பிக்கொண்டாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அரைமணி நேரத்துக்குப்பின் விருந்தாளியைப்போல மணியை அழுத்திவிட்டு நின்றாள். திறந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். தனம் பெரியம்மா திருநின்றவூரில் இருப்பதாகக் கேள்வி. அம்மா அன்றும் என்னை அடிக்கவில்லை. அதன்பின் உரக்கத் திட்டியதுமில்லை. சில மாலைகளில் அவள் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருக்கையில், ஒரேயொரு முறை கூரையைத் தொடும்படி கத்திவிடமாட்டாளா என்றிருக்கிறது. கத்தினால் வாசலில் வந்து நிற்க ஆளில்லை என்பது அவளுக்கும் தெரியும்.