இடது காலில் ஒரு துளி நீலம்

இரண்டு கிழமைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை... தூசு தட்டலாம் என்று ஷோகேஸைத் திறந்தேன். இரண்டாவது தட்டில், இடப்பக்கமிருந்து நாலாவது ஆளைக் காணவில்லை.

அவர் நின்ற இடத்தில் தூசு குறைந்த இரண்டு சின்னப் பாத அடையாளங்கள் மட்டும் இருந்தன.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும் — ரயில் போகும்போதெல்லாம் வீட்டுச் சாமான் எல்லாம் ஒருமுறை நடுங்கும். என் வீரர்களும் நடுங்கி நடுங்கி அரை அங்குலம் நகர்வார்கள். ஆனால் இதுவரை ஒருவரும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனதில்லை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கு: நான் பகலில் இன்சூரன்ஸ் கம்பனியில் கிளெய்ம் ஃபைல் பார்ப்பவள். பின்னேரத்தில் சூப்பர்ஹீரோ தொடர் பார்ப்பவள். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு இது தேவையா என்று கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கிழமையும் எழுதுங்கள்... பதில் வராது.

காணாமல் போனவர் பெயர் செம்பருந்து. தொடரின் உண்மையான பெயரை எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார், ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். எட்டு அங்குல உயரப் பொம்மை. சிவப்புச் சிறகு. நீலச் சப்பாத்து. இடது காலில், சப்பாத்துக்கு மேலே, தவறி விழுந்த ஒரு துளி நீலப் பெயின்ட். தொழிற்சாலையில் யாரோ அவசரப்பட்டதன் அடையாளம்! அந்தத் துளிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் புறக்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையை மூடும்போது வாங்கியது. கடைசிக் கார்ட்டனில் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றை நான் எடுத்தேன். மற்றதை, எனக்குப் பக்கத்தில் நின்று அதே கார்ட்டனுக்குள் கையை விட்ட ஒரு இளைஞர் எடுத்தார். அவர்தான் ரியாஸ். கொட்டாஞ்சேனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடி. அன்று தொடங்கிய சிநேகம்.

ஒரு வித்தியாசம். நான் அன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிட்டேன். ரியாஸ் பிரிக்கவில்லை. "பிரிச்சா அதுட மதிப்புப் போயிரும் அக்கா" என்று பதினெட்டு வருஷமாக எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, ஆள் எங்கே போனார்?

முதல் சந்தேகம் யார் மேல் வரும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மட்டக்குளியிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி மேல்தான். திங்கட்கிழமை அவர் வந்ததும், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். கிளெய்ம் ஃபைல் பார்ப்பவர்கள் எதையும் சாதாரணமாகத்தான் கேட்போம்.

"செல்வி, இந்தச் சிவப்புச் சிறகு வச்ச ஆளைக் கண்டனீரா?"

செல்வி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ், வாரத்துக்கு ரெண்டு தடவ இதுங்களுக்கு தூசு தட்டுறது நானு. எடுக்கிறதா இருந்தா, தூசு தட்டத் தேவையில்லாத சாமானா பாத்துல்ல எடுப்பேன்?"

நியாயமான வாதம். நான் ஒஃபிஸுக்குப் புறப்படும் வரைக்கும் குசினியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாக மோதிக்கொண்டன.

அடுத்தது வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு வெள்ளியும் ஆறரைக்கு என் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து செம்பருந்து பார்ப்போம். நான், ரியாஸ், கீழ் வீட்டு டிலானி டீச்சர். டீச்சர் பத்தாவது நிமிஷத்தில் கதிரையிலேயே தூங்கிவிடுவார். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் திருடிக்கொண்டு படியிறங்கியிருந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

மிச்சம்? ஒரே ஒருவர்.

இல்லை, இல்லை என்று என்னை நானே அதட்டினேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எபிசோட்டில் என்ன நடந்தது தெரியுமா? பத்து வருஷமாகச் செம்பருந்தின் உடைந்த சிறகுகளை ஒட்டிக் கொடுத்த நண்பன்தான் எதிரிக்கு ரகசியம் விற்றவன் என்று தெரியவந்தது! ரியாஸ் "ச்சே" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை. ரியாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறொன்றும் கவனித்தேன். எப்போதும் வந்தவுடன் ஷோகேஸ் முன்னால் இரண்டு நிமிஷம் நிற்பவர், அன்றைக்கு ஒரு கணம் நின்று, வெற்றிடத்தைப் பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? தெரியாதவன்தானே கேட்பான்?

அடுத்த நாள் சனிக்கிழமை, கொன்வென்ஷன். வருஷத்துக்கு ஒருமுறை கொழும்பில் எங்களைப் போன்ற கிறுக்குகள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடும் நாள். ஃபோம் வாள்கள், அட்டைக் கவசங்கள், வியர்வையில் கரைந்து வழியும் முகப் பெயின்ட். வாசலில் ஒரு அப்பா, நீளமான கறுப்பு மேலங்கியுடன் நின்று மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு வருஷமென்றால் அவரோடு ஒரு செல்ஃபி எடுத்திருப்பேன். இந்த வருஷம் நேராக, ரியாஸ் வருஷாவருஷம் தன் சேகரிப்பைக் காட்சிக்கு வைக்கும் மேசைக்குப் போனேன்.

நடுவில் நின்றார் செம்பருந்து. பெட்டி இல்லாமல்.

கையில் எடுத்துத் திருப்பினேன். இடது கால். சப்பாத்துக்கு மேலே... ஒரு துளி நீலம்.

 குரல் மட்டும் ஒஃபிஸ் குரலாகவே வந்தது.

"இது எப்ப பிரிச்சனீர்?"

"ரெண்டு மாசம் இருக்கும் அக்கா. மகள் பிரிச்சிட்டா." ரியாஸ் சிரித்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"வெக்கமா இருந்த. பதினெட்டு வருஷம் பிரிக்கப்படாது எண்டு உங்களுக்கு பயான் பண்ணின ஆள் தானே நான்."

"பெட்டி எங்க?"

"கிழிஞ்சிட்டு அக்கா."

பெட்டி கிழிந்துவிட்டது. ரசீது தொலைந்துவிட்டது. பார்த்த சாட்சி சின்னப்பிள்ளை. இருபத்தைந்து வருஷமாக இதே கதையைத்தானே ஒவ்வொரு பொய் கிளெய்மிலும் வாசிக்கிறேன்!

"ரியாஸ், என்ரை செம்பருந்தைக் காணேல்ல. அதின்ரை இடது காலிலையும் இப்பிடித்தான் ஒரு துளி இருக்கு. இதே இடத்தில."

சிரிப்பு நின்றது. மேசையைச் சுற்றி நின்ற மூன்று நாலு பேர் எங்களையே பார்த்தார்கள். கொம்பு வைத்த ஒரு பெண் தன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எந்தச் சொல் என்று நான் எழுதத் தேவையில்லை.

ரியாஸ் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் சுற்றினார். சிறகு மடங்காமல், கவனமாக. திரும்ப என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க அக்கா."

அவ்வளவுதான். மறுப்பில்லை, சண்டையில்லை. ஓட்டோவில் வரும்போது எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? வெற்றி! குற்றமில்லாதவன் இவ்வளவு லேசாகக் கொடுப்பானா? ஃபைலை மூடிவிட்டேன். செம்பருந்தை அவர் இடத்தில் நிறுத்தினேன். இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஒஃபிஸில் வேலை செய்யும் பிள்ளையின் கல்யாணம். பச்சைப் பட்டுச் சாறியைத் தேடி அலுமாரியின் மேல் தட்டில் கையை விட்டேன். மடிப்புகளுக்குப் பின்னால் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பழைய தலையணை உறை. உள்ளே —

ஆமாம். சிவப்புச் சிறகு.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்த ஞாயிறுக்கு முந்தின செவ்வாய், குளியலறைப் பைப் திருத்த ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷன். ஆனால் உள்ளே வரும்போது அவர் கண் ஷோகேஸ் பக்கம் ஒருமுறை போனது. ஷோகேஸ் பூட்டோ கடல்காற்றில் துருப்பிடித்து இரண்டு வருஷம். அவர் ஸ்பானர் எடுக்கக் கீழே போன நேரத்தில், இருப்பதிலேயே பெரிய பொக்கிஷத்தைத் தூக்கிச் சாறிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பிறகு தண்ணீர் பீறிட்டது, நிலம் துடைத்தது, ஒஃபிஸிலிருந்து போன்... மறந்தே போனேன்.

இரண்டு செம்பருந்தையும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு இடது கால்களிலும் ஒரே இடத்தில் ஒரே துளி. ஒரே கார்ட்டன், ஒரே அவசரம்! பதினெட்டு வருஷமாக என்னுடையதில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மற்றதுதான் பெட்டிக்குள் இருந்ததே, நான் எப்போது பார்த்தேன்?

ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம், இரண்டையும் நானே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். இந்தப் பத்தியில் பொய் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருப்பதால் அதையும் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. போன் எடுத்து ரியாஸின் பெயரை நாலு தடவை தொட்டுவிட்டு வைத்தேன். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது?

திங்கட்கிழமை லீவு போட்டேன். மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். ரியாஸ் ஒரு முதியவரின் கண்ணாடிக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இருங்க அக்கா" என்று கதிரையைக் காட்டினார். குரலில் மாற்றமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உட்கார்ந்து நிமிர்ந்தேன். சுவர்த் தட்டின் மேல், ஃப்ரேம் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு சிவப்புப் பெட்டி. வாய் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, அதன் மேல் சின்னப்பிள்ளை எழுத்தில் 'சொரி வாப்பா' என்று எழுதியிருந்தது.

முதியவர் போனார். பையிலிருந்து துணிச் சுற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்ரை ஆள் கிடைச்சிட்டார். அலுமாரிக்குள்ள நான்தான் ஒளிச்சு வச்சனான். இது உம்முடையது." இந்த மூன்று வசனத்தையும் பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். 

ரியாஸ் துணியைப் பிரித்தார். சிறகைத் தொட்டுப் பார்த்தார். "கிடைச்சது நல்லம் அக்கா. ரெண்டு வெள்ளிக்கிழமயும் அந்த இடம் காலியா இருக்கக்குள்ள, ஏதோ கஷ்டத்துல வித்திட்டீங்க எண்டு நினைச்ச. கேக்க ஒரு மாதிரி இருந்த."

அதற்காகத்தான் முகத்தைத் திருப்பியிருக்கிறார். நான் அதை ஃபைலில் எப்படி எழுதி வைத்தேன்!

"ரியாஸ், உம்முடையது எண்டு தெரிஞ்சும் ஏன் குடுத்தனீர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் மேசையிலிருந்த சின்ன ஸ்குரூக்களை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். 

"நீங்க ஒரு சொல்லுச் சொல்லப் போனீங்க அக்கா. உங்கட முகத்தப் பாத்தாத் தெரியும். அத நீங்க சொல்ல முந்தி குடுத்திரணும் எண்டு நினைச்ச. சொல்லிட்டீங்கன்னா, பொறகு நான் எப்பிடி உங்கட வீட்டுக்கு வாற?"

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். கடைக்கு ஆட்கள் வந்தார்கள். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன், சரியாக, முழு வசனமாக. ரியாஸ் "விடுங்க அக்கா" என்றார். விட்டாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது செல்வி வேலை முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். "எங்க இருந்துச்சு?" அலுமாரிக்குள்ளே என்றேன். "யாரு வச்சா?" நான்தான் என்றேன். செல்வி கைப்பையைத் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கும் ஒரு மன்னிப்பு இருக்கிறது. இன்னும் சரியாகக் கேட்டு முடிக்கவில்லை.

ரியாஸின் கடையை விட்டு இறங்கும்போது கடைசியாகக் கேட்டிருந்தேன்: "வெள்ளிக்கிழமை வாறீர்தானே?"

"வாறேன் அக்கா. போகக்குள்ள என்ட பையச் செக் பண்ணிட்டு அனுப்புங்க, சரியா?"

சிரித்தபடிதான் சொன்னார். நானும் சிரித்தேன். பகிடிதான் என்று பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குச் சரியாக வந்தார் — எப்போதும் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பையைக்கூடக் கடையிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு.